செல்லுக்கு நான் அடித்த வெல்டிங்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்றைக்கும் நிற்கிற கொதிகலன் மேடைகளில் பாதி நான் கட்டியவை. (மீதிப் பாதியைப் பார்த்தாலே தெரியும், நான் கட்டவில்லை என்று.) ரசாயனத் தொட்டி, புகைபோக்கி ஏணி, உருக்காலைக் கூரை எல்லாம் ஆறாம் வகுப்போடு நின்றவன் கையால் எழுந்தவை. வாடகை வெல்டிங் மெஷின், இரவல் கிரைண்டர், நினைத்தால் போய்விடுகிற கரண்டு, இவ்வளவுதான் என் முதலீடு. நான் போட்ட ஜாயிண்ட் ஒன்றுகூட விட்டுப் போனதில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு மண்டபமே பார்த்துச் சிரித்தது. அதுவும் என் மருமகளின் டாக்டர் பட்டத் தேர்வன்று.

மருமகள் ரேவதி திருநின்றவூர்ப் பெண். உடம்பிலுள்ள செல்களைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி. ஒருநாள் நாஷ்டா சாப்பிடும்போது, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன்.

"பக்கத்துப் பக்கத்து செல்லு ரெண்டும் சுவத்துல பைப் போட்டு சேந்திருக்கும் மாமா. பாதி பைப்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அது வழியா சரக்கு போய் வரும். கேப் ஜங்ஷன்னு பேரு."

"ரெண்டு பைப்ப போல்ட்டு போட்டு சேக்கற ஃபிளாஞ்ச் ஜாயிண்ட்டு. எனக்கே சொல்றியா?"

"அது பழசாயிட்டா, இல்ல செல்லு நகரணும்னா, எடுக்கணும்."

"போல்ட்ட கழட்டி அவனவன் பாதிய அவனவன் எடுத்துக்க வேண்டியதுதான்."

"அங்கதான் மாமா விஷயமே. சேந்த பாதி ரெண்டும் அப்புறம் பிரியாது. ஒரு செல்லு மொத்தத்தையும் உள்ள இழுத்து முழுங்கிடும். பக்கத்து செல்லோட பாதி, அத ஒட்டின சுவரு, எல்லாத்தையும் சேத்து. உருண்டையாக்கி, உள்ள செரிக்கிற பை ஒண்ணு இருக்கு, அதுல போட்டுக் கரைச்சிடும்."

இட்லி கையிலேயே நின்றுவிட்டது. நானும் என் தம்பியும் தொழிலைப் பிரித்தபோது ஷெட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினோம். கூரைத் தகட்டைக்கூட அளந்து அறுத்தோம். இரண்டு பக்கமும் மழைக்கு ஒழுகியதுதான் மிச்சம். இந்தச் சின்ன உயிருக்கு அடுத்தவன் பாதியையும் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு செரிக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

தேர்வில் இதை அட்டை மாடல் வைத்துக் காட்டப் போகிறேன் என்றாள்.

"அட்டையா? என் மருமவ அட்டைய தூக்கினு போய் நிக்கறதா? நான் செய்யறேன்!"

"யோவ், அந்தப் பொண்ணு கேட்டுச்சா உன்ன?" என்றாள் என் மனைவி சுலோச்சனா.

செய்தேன். சிவப்புத் தகரப் பெட்டி ஒரு செல், நீலம் இன்னொன்று. நடுவில் குட்டிப் பைப்புகள் நிறைந்த ஒரு பலகை, கிளிப்பில் லேசாக மாட்டியிருக்கும். சிவப்புப் பெட்டிக்குள்ளிருக்கும் சங்கிலியை இழுத்தால், நீலத் தகரத்தில் ஒரு துண்டோடு பலகை உள்ளே வந்துவிடும். பட்டறையில் பலமுறை இழுத்துப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி வந்தது.

எங்கள் தொழிலில் வண்டி ஏறுகிற சாமானுக்கு 'டேக்' அடிப்போம். வழியில் ஆடாமலிருக்க, பொட்டு வைத்த மாதிரி ஓரங்களில் சின்ன வெல்டிங். இறக்கியதும் முதல் வேலை அதை அறுத்துவிடுவது. பழக்கத்தில் மாடலுக்கும் அடித்துவிட்டேன். தேர்வு மண்டபத்துக்குப் போய் அறுக்கவில்லை. எப்படி அறுப்பது? கேட்டிலிருந்து லிஃப்ட் வரை எதிரே வந்தவர்களிடமெல்லாம், "மாடல் நான் செஞ்சதுதான்" என்று சொல்லவே நேரம் சரியாக இருந்தது. அறுக்கிற கிரைண்டர் வண்டியிலேயே கிடந்தது.

ரேவதி பேசி முடித்துச் சங்கிலியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். சிவப்புப் பெட்டி நகர்ந்தது. பின்னாலேயே நீலப் பெட்டியும் ரயில் பெட்டி மாதிரி மேசை மேல் ஊர்ந்துபோய், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரின் டீயைத் தட்டிவிட்டது. மொத்தமும் அவர் சட்டையில்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "பயப்படாத இழும்மா, லாரி கட்டி இழுத்தாலும் தாங்கும்!" என்று கத்தினேன். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சுலோச்சனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "யாரோ தெரியலம்மா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ரேவதி சங்கிலியைப் பிடித்தபடியே நின்றாள். இத்தனை வருஷப் படிப்பை ஒரு பொட்டு வெல்டிங்கில் முடித்துவிட்டேனா? அப்போதுதான் உட்கார்ந்தேன்.

தேர்வாளர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதே மாதிரி செல்லுலயும் உள்ள வராமப் போனா என்னம்மா ஆகும்?"

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "இணைப்பு குவிஞ்சுகிட்டே போகும் சார். காயம் ஆறணும்னா செல் நகரணும். பக்கத்து செல்லை விடாமப் பிடிச்சிருந்தா நகர முடியாம தடுமாறும். நாங்க அந்தப் பைப்பைக் கட்டுற புரதத்துல சின்ன மாற்றம் பண்ணி, இப்படித்தான் உள்ள வரவிடாமத் தடுத்துப் பார்த்தோம்." என் டேக்கை விரலால் தொட்டுக் காட்டினாள். "இதோ, இந்த மாதிரி." அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பட்டம் கிடைத்தது.

வீட்டில் இப்போது ஊறுகாய் ஜாடி மூடி திறக்காவிட்டால்கூட, "மாமா டேக் அடிச்சிட்டாரு" என்கிறார்கள். அடிக்கட்டும் கேலி. ஆராய்ச்சி கட்டுரையாக அச்சில் வரப்போகிறதாம். நன்றி சொல்கிற இடத்தில் 'அன்புக்காக மாமனாருக்கு' என்று எழுதியிருக்கிறாள். அன்பு எல்லா மாமனாரும் தருவதுதான். அந்தக் கேள்வியை வரவழைத்தது யார்? 'வெல்டிங்: மாமனார்' என்று தனி வரியில் போட வேண்டும். போடாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.