வெள்ளைக் கீற்றின் வாரிசு

பெரிய கலைஞர் ஒருவர் செத்த மறுநாள் பிறக்கிற இனம் ஒன்று உண்டு. அதற்குப் பிரதம சீடர் என்று பெயர்.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பதில் பேர்போன மாஸ்டரிடம் அவர் பாடம் கேட்டது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், "உனக்கு இது வராதுப்பா, வேற வேலை பாரு" என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் என்ன குடிமுழுகிவிட்டது? மாஸ்டர் போன பிறகு அந்தப் பதினோரு நாளை வைத்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்டாரே! தாடி, துணிப்பை, கூட்டத்துக்குக் கிளம்புமுன் நகக்கண்ணில் கவனமாகத் தடவிக்கொள்ளும் கறுப்பு மை, எந்தப் பேச்சிலும் மூன்றாவது வாக்கியமாக வந்து குதிக்கும் "மாஸ்டர் எங்கிட்ட மட்டும் சொன்னார்". வேறென்ன தகுதி வேண்டும்?

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு, வெள்ளைக் கீற்று. மாஸ்டரின் எல்லாப் படங்களிலும் வலது கீழ்மூலையில் மை படாமல் ஒரு கீற்று ஓடும். அது மௌனமாம். இல்லாமையின் இருப்பாம். இதைப் பற்றி நானூறு பக்கத்தில் புத்தகமே போட்டார். தம் பலகைகளிலும் அதே மூலையில் ஒரு கோடு இழுத்தார். அவருடைய மாணவர்கள் இழுத்தார்கள். மாணவர்களின் மாணவர்கள் ஸ்கேல் வைத்து இழுத்தார்கள்.

மாஸ்டரின் நினைவுக் கண்காட்சிக்கு அவர்தான் தேர்வுக்குழுத் தலைவர். அப்பா செதுக்கிவைத்து, அச்செடுக்காமலே போய்விட்ட கடைசிப் பலகையை மகள் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். இருபது வருஷம் அப்பாவின் அச்சுப்பொறியைச் சுற்றிய கை அது. அந்தப் படம் சுவரில் ஏறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நம்மவர் மூலையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கீற்று எங்கம்மா? இது மாஸ்டரோடது இல்ல. போலி!"

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் படத்தையா போலி என்கிறான் இந்த மனுஷன்?

"அண்ணே, அது உருளையில இருந்த பள்ளம். சின்ன வயசுல நான்தான் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டேன். அந்த இடத்துல காகிதம் அழுந்தாது. அப்பா சாகிற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு. போன மாசம்தான் உருளையை மாத்தினேன்."

குழுவின் மற்ற இருவரும் மேசையைப் பார்த்தார்கள். நம்மவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். நானூறு பக்கம்! முப்பது வருஷம்! ஒரு ஸ்பேனரா?

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். மெல்லக் கண்ணை மூடினார்.

"கடைசியில மாஸ்டர் மௌனத்தையும் துறந்துட்டார். கீற்றில்லாக் காலம்! இப்படி ஒண்ணு வரும்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தார். நடுச்சுவர்ல மாட்டுங்க."

மகள் வாயைத் திறந்தாள். நடுச்சுவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

படம் ஏறியது. இரண்டாம் புத்தகம் அச்சில் இருக்கிறது. மாணவர்கள் கோடு இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றி, "எனக்கு அவர் ரொம்ப நெருக்கம்" என்று ஆரம்பித்தீர்களே, அப்போது அவர் வீட்டு ஆள் யாரும் பக்கத்தில் இல்லையே?