அக்காவின் நிச்சயமும் என் நெம்புகோலும்

சும்மா இருப்பது எனக்கு வராது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த புதிதில் அது இன்னும் மோசம். கத்தரிக்கோல், பாக்குவெட்டி, கதவு என்று எதைப் பார்த்தாலும் "இதுவும் நெம்புகோல்தான்" என்று வீட்டில் யாரையாவது பிடித்து வகுப்பெடுப்பேன். (யாரும் கேட்டதில்லை.)

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று விடிகாலை மழையில், குன்னூருக்கு மேலே எங்கள் வீட்டுக்குப் போகும் சாலையில் ஒரு பாறை உருண்டு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பியாயிற்று. பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். அதற்குப்பின் நல்ல நேரம் இல்லை. ஜேசிபி மத்தியானம்தான் வருமாம்.

அப்பா பதறவில்லை. "கல்லு வரைக்கும் கார் வருமில்ல. அங்கிருந்து ஊடு நாலு எட்டு. நடந்து வந்துருவாங்க. நீ போய்ப் பூவைக் கட்டு புள்ள."

நாலு எட்டு, அதுவும் சேற்றிலா? தட்டு வாங்க வேண்டிய மாப்பிள்ளையின் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

தண்ணீர் லைன் போட்டு மிஞ்சிய பதினோரு அடி இரும்புக் குழாய் கொல்லையில் கிடந்தது. இழுத்துக்கொண்டு போனேன். ஒரு நுனியைப் பாறைக்கடியில் கொடுத்து, ஓரடி தள்ளி ஒரு சின்னக் கல்லை முட்டு வைத்தேன். அதுதான் ஆதாரப்புள்ளி. பாறைப் பக்கம் ஓரடி, என் பக்கம் பத்தடி. ஆக, என் பலம் பத்து மடங்கு. ஐம்பது கிலோ நான், பாறையைப் பொறுத்தவரை ஐந்நூறு கிலோ. கீழே எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை, வண்டி இல்லை. மறுமுனையில் வயிற்றை வைத்துத் தொங்கினேன்.

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் கேடு. பாறை ஒருமுறை புரண்டு, சாலையோரத்தைத் தாண்டி, தேயிலைச் செடிகளை நசுக்கிக்கொண்டு இறங்கியது. கீழே தொம்மென்று ஒரு சத்தம்.

மலைச்சாலை மடிந்து மடிந்து தன் தலைக்கு மேலே தானே போகும். (பிறந்ததிலிருந்து அதே மலையில் குடியிருப்பவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.) வீட்டிலிருந்து நாலு எட்டில் இருந்த பாறை, இரண்டு வளைவு கீழே, அதே சாலையின் நடுவில் தடுப்புச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இனி மேலே தூக்கவும் முடியாது, கீழே தள்ளவும் இடமில்லை. சற்று நேரத்தில் மூன்று கார்கள் அதன்முன் வந்து நின்றன.

மணி பத்து பத்து. அப்பா என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "தட்டை எடு" என்றார்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வீடே இறங்கியது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா, "உன்னைய ஊட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கோணும்" என்று வழிநெடுக முணுமுணுத்தாள்.

அத்தை பாறைமேல் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க சம்மந்தி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தா கல்லை உருட்டி உடறதுதான் மலைப்பக்கத்து மொறைங்களா?"

"இல்லைங்க" என்றார் அப்பா. "எங்க சின்னப்புள்ள பிசிக்ஸ் படிச்சிருக்குதுங்க."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, முந்தானையால் பாறையைத் துடைத்து, "நேரமாகுது, இதும்மேலயே வைங்க" என்றார். பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது. அக்கா வீட்டு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்களைவிடப் பாறைதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

வருகிற மாதம் எனக்கு நிச்சயம். அத்தை போன் செய்து அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சின்னதுக்கு ஊட்டுலங்களா, கல்லுலங்களா?"

மறுநாளே அப்பா அந்தக் குழாயை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போனார். இப்போது கொல்லையில் பதினோரு துண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஓரடி.