சோள ரொட்டியில் டூட்டி ஃப்ரூட்டி

“மிஸ், இந்த கார்ன் பிரெட் நம்ம பிரெட் மாதிரி இருக்குமா, கேக் மாதிரி இருக்குமா?” என்று கேட்டான் சுதீர்.

பதினோராம் வகுப்பு பி பிரிவின் இருபத்தாறு முகங்களும் கேத்தரினைப் பார்த்தன. கேத்தரின் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு மெட்ரோ தூண் நின்றிருந்தது. அதற்கும் பதில் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“ரெண்டுக்கும் நடுவுல,” என்றாள்.

“போர்ச்னு வீட்டு வாசல்ல ஒண்ணு வருதே, சாயங்காலம் முழுக்க அங்க உக்காந்து என்ன மிஸ் பண்ணுவாங்க?”

“பேசுவாங்க.”

“என்ன பேசுவாங்க?”

“ஊர்க்கதைதான். வேற என்ன?”

“எந்த மாதிரி ஊர்க்கதை மிஸ்?”

மணி அடித்தது. அந்த மணியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று கேத்தரின் மனதார வாழ்த்தினாள்.

பாடம், அமெரிக்க வட்டார இலக்கியம். டென்னசி மலையடிவாரத்தில் தனியாக வாழும் ஒரு பெண்மணி, வழி தவறி வந்தவனுக்குச் சோள ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. வட்டார இலக்கியத்தின் பன்னிரண்டு இயல்புகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கேத்தரின் ஒப்பிப்பாள். எம்.ஏ.வில் அதில்தான் முதல் மதிப்பெண். ஆனால் அவள் போய்வந்த தூரதேசம் வேளாங்கண்ணி. ‘இந்தக் கதையின் சிறப்பு யாது?’ என்ற கேள்விக்கு அம்ருதா என்ற மாணவி, ‘சிறியது’ என்று பதில் எழுதியிருந்தாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருந்தால். அன்றைக்குப் பாடத்திட்ட வாரியத்திலிருந்து சுப்ரியா மேடம் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் கேத்தரின் வேலை நிரந்தரமா, இல்லையா என்பது முடிவாகும். இதற்கு முன் மூன்று பள்ளிகள், மூன்று மார்ச் மாதங்கள். “கூப்பிடறோம்மா,” என்று சொல்லி அனுப்பினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. நான்காவது தடவை அந்த வார்த்தையைக் கேட்க அவளிடம் தெம்பு இல்லை.

லிங்கராஜபுரத்து வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவன் ஆம்ப்ரோஸிடம் விஷயத்தைச் சொன்னாள். ஆம்ப்ரோஸுக்கு விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் பக்கத்தில் சின்ன பேக்கரி. எந்தப் பிரச்சினையையும் மாவு பிசைந்து தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவன்.

“இவ்ளோதானா? மக்காச்சோள மாவு இருக்கு. நாளைக்கே போட்டுத் தரேன். பசங்க வாயில வெச்சா பாடம் உள்ள போயிடும், கேத்தி.”

போட்டுத் தந்தான். ஆனால் பெங்களூர் பேக்கரிக்காரன் கை சும்மா இருக்குமா? சர்க்கரையும் முட்டையும் தாராளமாக விழுந்தன, மேலே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி தூவியிருந்தது.

வகுப்பில் டப்பா இரண்டு நிமிடத்தில் காலி. மிச்சமிருந்த ஒரு துண்டைப் பள்ளிக் கேன்டீனில் மங்களத்திடம் கொடுத்தாள் கேத்தரின். மங்களம் ஜூனில்தான் கேன்டீனில் சேர்ந்தவள். காபி பிரமாதமாகப் போடுவாள். அபிப்பிராயமும் கூடவே சொல்வாள்.

“சக்கரை எதுக்கு மிஸ் இதுல? மோர் ஊத்தி, இரும்புச் சட்டியில சுட்டிருக்கணும். ஓரம் மொறுமொறுன்னு வந்திருக்கும்.”

“மங்களம்மா, இது அடை இல்ல. அமெரிக்கா ஐட்டம்,” என்றாள் கேத்தரின். தன் கணவன் கைவேலையைக் குறை சொன்னதில் கொஞ்சம் கோபம்தான்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் சுந்தரராமன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் அம்ருதாவின் அப்பா ரங்கநாதன் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக ஒக்கலிபுரத்தில் இருக்கிற குடும்பம். பக்கத்தில் அம்ருதா தலை குனிந்து நின்றாள்.

“சார், எங்காத்துல பதினாறு வருஷமா இவ முட்டை தொட்டதில்ல. இங்கிலீஷ் கிளாஸ்ல தொட வெச்சுட்டேள்,” என்றார் ரங்கநாதன்.

அம்ருதா தினமும் நாலு மணிக்கு எதிர்க்கடையில் முட்டை பஃப்ஸ் தின்பது பள்ளி முழுவதற்கும் தெரியும். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

“என்னம்மா கேத்தரின், இலக்கியம்னா முட்டை எதுக்கு?” என்றார் சுந்தரராமன்.

பயந்தவள் வாயில் உண்மை முதலில் வருவதில்லை.

“அது... ஒரு முன்னோட்டம் சார். வெள்ளிக்கிழமை அமெரிக்காக்காரர் ஒருத்தர் வந்து பேசறார். அதுக்காக.”

அறையில் சட்டென்று வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. ரங்கநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அமெரிக்கரா? பேரண்ட்ஸ் வரலாமா?”

“வராம?” என்றார் சுந்தரராமன். கேத்தரின் ஆசிரியர் அறைக்கு நடந்து சேர்வதற்குள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘சிறப்பு விருந்தினர், அமெரிக்கா’ என்று செய்தி போய், நாற்பத்தொரு கட்டைவிரல்கள் உயர்ந்துவிட்டன.

டிசம்பராக இருந்தால் தெருவுக்கு நாலு பேர் அமெரிக்காவிலிருந்து வந்து, தண்ணீர் பாட்டிலோடு உலாத்திக்கொண்டிருப்பார்கள். இது ஆகஸ்ட். கேத்தரின் இயற்பியல் ஆசிரியரைக் கேட்டாள். அவர் மச்சான் போன மாதம்தான் திரும்பிப் போனாராம். அலுவலகத்தில் கேட்டாள். பங்குத் தந்தையைக் கேட்டாள். அவருக்குத் தெரிந்தவர் ஆஸ்திரேலியா. “ஆபத்துக்குப் பாவமில்ல, இங்கிலீஷ் பேசற நாடுதானே?” என்றார் அவர். அப்படிக் கேட்டுக்கொண்டு அலைந்தவளுக்கு மங்களம் இரண்டு தடவை காபி கொண்டுவந்து கொடுத்தாள். கேத்தரின் இரண்டையும் ஆறவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை ஆம்ப்ரோஸ் போன் செய்தான். குரலில் வெற்றி.

“புடிச்சிட்டேன் கேத்தி! வாரா வாரம் நொவேனா ஜெபத்துக்கு வர்ற வெள்ளைக்காரர். முடிச்சிட்டு நம்ம கடையில தேங்கா பன் வாங்குவார். நாளைக்கு வரேன்னுட்டார்!”

“அமெரிக்கரா? நல்லாக் கேட்டீங்களா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? தொப்பியில நியூயார்க்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

கேத்தரின் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். பாவம்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பின்வரிசை முழுக்கப் பெற்றோர். மூலையில் சுப்ரியா மேடம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. விருந்தினர் ஆறடி உயரம், சிவந்த முகம், தலையில் அதே தொப்பி. மங்களம் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு வாசலில் கேத்தரின் காதைக் கடித்தாள்.

“மிஸ், இவரு அமெரிக்கா ஆளு மாதிரி இல்லியே. அவுங்கன்னா இந்நேரம் எப்படி இருக்கீங்கன்னு நம்மள நாலு வாட்டி கேட்டிருப்பாங்க.”

“மங்களம்மா, டப்பிங் படம் பாக்கறதைக் கொறைங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் கேத்தரின்.

சுந்தரராமன் இரண்டு நிமிடம் வரவேற்புரை ஆற்றினார். விருந்தினர் எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“வணக்கம். என் பெயர் யாரோஸ்லாவ். நான் செக் நாடு. பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின் ரிப்பேர் செய்கிறேன்,” என்றார் உடைந்த ஆங்கிலத்தில். “உங்கள் கோவில் குழந்தை இயேசு, எங்கள் பிராக் நகரத்துக் குழந்தை இயேசு. அதனால் வியாழக்கிழமை வருகிறேன். அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கும்.”

பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தத் தொப்பி...” என்றார் சுந்தரராமன் ஈனக் குரலில்.

“கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையில் வாங்கினேன்!” என்றார் யாரோஸ்லாவ் பெருமையாக.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுப்ரியா மேடம் எதையோ தட்டச்சு செய்தார். கேத்தரினுக்கு மார்ச் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்த நல்ல மனிதர், தான் செய்த தப்பு என்ன என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, தன் வேலையைவிட அவர் முகம்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

“தப்பு என்னோடதுதான் சார்,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “இவரை நான் ஒண்ணும் கேக்கவே இல்ல. எனக்கு அமெரிக்கா தெரியாது. படிச்சதுதான்.” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “வந்தது வந்துட்டீங்க. உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க.”

யாரோஸ்லாவ் யோசித்தார். வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டிக்கொண்டு சொன்னார். நாற்பது வீடுள்ள ஊர். வீட்டுக்குப் பின்னால் பிளம் மரம். மரம் அவர் வீட்டுடையது, ஒரு கிளை மட்டும் அடுத்த வீட்டில். விழுகிற பழம் யாருக்கு? அதில் சண்டை வந்து, அவர் அம்மாவும் அடுத்த வீட்டம்மாவும் ஒன்பது வருஷம் பேசவில்லை. ஒரு பனிக்காலக் காலையில் அடுத்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை. அம்மா கோடாலியால் கதவை உடைத்து உள்ளே போய், காய்ச்சலில் கிடந்தவளுக்கு மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

“அப்புறம் ராசியாயிட்டாங்களா?” என்றான் சுதீர்.

“இல்லை. காய்ச்சல் சரியானது. மறுபடியும் பேசவில்லை.”

வகுப்பு அதிரச் சிரித்தது. அம்ருதா துள்ளி எழுந்தாள்.

“மிஸ்! இது அப்படியே எங்க ஒக்கலிபுரம்! பக்கத்தாத்து நாகராஜ் அங்கிள்கிட்ட எங்கப்பா ஆறு வருஷமாப் பேசறதில்ல. அவா மரத்துத் தேங்காய் எங்க ஸ்கூட்டர் மேல விழுந்துடுத்து. ஆனா அங்கிள் காலம்பற ஏழு மணிக்குள்ள பேப்பர் எடுக்கலைன்னா, அப்பா ‘அம்ருதா, போய் என்னன்னு பாரு’ம்பார்!”

பின்வரிசையில் ரங்கநாதன் எழுந்தார். முட்டைக்கே அவ்வளவு கோபப்பட்டவர். தொலைந்தது என்று கேத்தரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆறு இல்ல, ஏழு வருஷம்,” என்றார் ரங்கநாதன். “அது தேங்காயும் இல்ல, மட்டை. நான் கேக்கப் போனா அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? ‘மரக்கே ஹேளி சார்’னான்! மரத்துகிட்டயே சொல்லணுமாம்!” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. சுதீர் தன் மாடி வீட்டாரின் தண்ணீர் மோட்டார் போரைச் சொன்னான். ஒருத்தி தண்ணி லாரிக்காரரைப் போலவே பேசிக் காட்டினாள். ஒவ்வொரு தெருவும் தன் குரலோடு வகுப்புக்குள் வந்தது. கேத்தரின் மேஜையைத் தட்டினாள்.

“சரி, இப்ப சொல்லுங்க. அந்த டென்னசி பெண்மணி, யாருன்னே தெரியாதவனுக்கு ஏன் ரொட்டி சுட்டா? எழுதுங்க.”

‘சிறியது’ என்று எழுதிய அம்ருதா மூன்று பக்கம் எழுதினாள். இன்னொரு தாளும் கேட்டாள். கேத்தரினுக்கு அன்று ஒரு விஷயம் தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும், தனக்குப் பாடம் நடத்த வரும்.

பள்ளி விட்டபின் ஆசிரியர் அறையில் சுப்ரியா மேடம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கேத்தரின். மங்களம் காலி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

“கேத்தரின், இந்த வருஷம் நான் பாத்த நல்ல கிளாஸ் இதுதான். பசங்களுக்கு அந்தக் கதை புரிஞ்சிடுச்சு,” என்றார் சுப்ரியா.

கேத்தரினுக்கு மூச்சு வந்தது.

“ஆனா ஒரே ஒரு கட்டம் காலியா இருக்கு. ‘கதை நிகழும் நிலத்தோடு நேரடித் தொடர்பு’. செக் வந்துச்சு, ஒக்கலிபுரம் வந்துச்சு, டென்னசி வரல. அதை நிரப்பாம நிரந்தரம்னு போட எனக்கு அதிகாரம் இல்ல. திங்கக்கிழமை வரைக்கும் அறிக்கையைத் திறந்து வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் உண்மையா வாழ்ந்தவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பசங்களோட பேச வைங்க. பத்து நிமிஷம் போதும்.”

“ரெண்டே நாள்ல டென்னசிக்கு எங்க மேடம் போவேன்? இந்த ஊர்ல கேக்காத ஆள் பாக்கி இல்ல!” என்றாள் கேத்தரின்.

கையில் அடுக்கிய டம்ளர்களோடு மங்களம் வாசலில் நின்றாள்.

“என்னைக் கேக்கலியே மிஸ்; நர்ஸா இருக்கற என் பொண்ணோட மூணு பிரசவத்துக்கும் ஆறு ஆறு மாசம் அந்த டென்னசியிலதான் இருந்தேன், சோள ரொட்டிக்குச் சக்கரை போடக் கூடாதுன்னு பக்கத்து வீட்டம்மா போர்ச்சுல உக்கார வெச்சுத்தான் சொல்லிக் குடுத்தாங்க!”