யாரும் போடாத உத்தரவு

மழைக்கு முன்னே குடை விரிப்பவரை உங்களுக்குத் தெரியும், அவர் புத்திசாலி. வானம் வெளுத்துக் கிடக்கும்போதே துண்டெடுத்துத் தலை துவட்டிக்கொள்பவரைத் தெரியுமா? இந்த இனத்தை யாரும் மிரட்ட வேண்டாம். அதற்குள் பயந்து முடித்திருக்கும். யாரும் தடுக்க வேண்டாம், அதற்குள் நின்றிருக்கும். எல்லா அலுவலகங்களிலும் இது முளைக்கும் என்றாலும், தழைத்துப் பூப்பது அறிவியல் பத்திரிகை ஆசிரியரின் நாற்காலியில்தான்.

நமக்குக் கிடைத்த மாதிரி உருப்படி, ஒரு காலாண்டிதழின் ஆசிரியர். மூளைக்குக் குறைவில்லை. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கட்டுரையைக் கையில் எடுத்ததும் இது சரியா என்று மற்றவர்கள் பார்த்தால், இது எவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று அவர் பார்ப்பார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இப்போதைய அமைச்சரின் படம். அதற்கு அடியில் முன்னாள் அமைச்சரின் படம். திரும்பி வந்துவிட்டால்?

இவரிடம்தான் வந்து சேர்ந்தது ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணின் கட்டுரை. நகரத்தின் கிழக்குப் பாதிக்கு அமைச்சர் கைதட்டலுக்கிடையே திறந்துவைத்த புதுக் குழாய்களில் வரும் குடிநீரில் ஈயம் கலந்திருக்கிறது, அதைக் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்திலும் ஏறியிருக்கிறது என்பது அதன் சாரம். மேற்குப் பாதியில் அதே குழாயைப் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை இந்த இதழில் வந்தால் வேலை பள்ளத்தோடு நிற்கும். வராவிட்டால் மிச்சக் குழந்தைகளும் குடிக்கும்.

வழக்கப்படி, அந்தத் துறையிலேயே ஊறிய இருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். இருவரும், அருமை, உடனே போடுங்கள் என்றார்கள். ஆசிரியர் இரண்டு கருத்துகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒருவராவது வேண்டாமா? வண்ணத்துப்பூச்சியின் இறக்கையை ஆராயும் கல்லூரித் தோழருக்கு அனுப்பினார். தண்ணீரைப் பற்றித் தெரியாதவருக்குச் சந்தேகம் தாராளமாக வரும் என்பது அவர் போட்ட கணக்கு. தோழர் மறுநாளே கூப்பிட்டார்.

"டேய், எங்க தெருவுக்கும் அந்தக் குழாய்தான்டா. என் பேத்தி அதைத்தான் குடிக்கிறா. இன்னும் எதைப் பாத்துக்கிட்டிருக்க? போட்டுத் தொலை."

வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தார். 'ஈயம் கலந்திருக்கிறது' என்ற வரி 'ஈயத்தை ஒத்த ஏதோ ஒன்று இருக்கக்கூடுமோ என ஐயுற இடமுண்டு' என்றாயிற்று. 'குழந்தைகள்' போய் 'இளம் பயனாளிகள்' வந்தார்கள். தலைப்பு 'குழாய் நீரின் சில இயல்புகள்' என்று பல் பிடுங்கிய வாயாகச் சிரித்தது. கடைசியில், காவலுக்கு, மேலும் ஆய்வு தேவை என்று ஒரு வரி. அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள்.

"சார், நீங்க எப்படி எழுதினாலும் அது ஈயம்தான்."

"நான் ஒண்ணும் மாத்தலைம்மா. கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்."

வாரக் கடைசிக்குள் உள்ளது உள்ளபடி போடுவதாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆசிரியர் அமைச்சரின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தார். செயலாளருக்கு அப்படி ஒரு பத்திரிகை இருப்பதே தெரியவில்லை. பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தண்ணீர், குழாய், கட்டுரை என்று இவர் இழுக்க இழுக்க அவருக்குக் கொட்டாவி வந்தது. போடுங்க சார், அதுக்கென்ன என்று வைத்துவிட்டார்.

வேறொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நம்மவர் பொருள் காண உட்கார்ந்தார். 'போடுங்க'வுக்கு முன்னால் ஏன் ஒரு மௌனம்? 'அதுக்கென்ன' என்பதில் ஓர் உறுமல் கேட்டதே? கொட்டாவிகூட எச்சரிக்கையாக இருக்கலாம். பெரிய இடத்துக் கொட்டாவி. இரவு தட்டில் போட்டது ஆறிக்கொண்டிருந்தது. மனைவி கேட்டு வைத்தாள்.

"ஏங்க, போடுங்கன்னா போடுங்கன்னுதானே அர்த்தம்? நான் சாப்பிடுங்கன்னு சொன்னா இப்படியா யோசிக்கிறீங்க?"

இவளுக்கு அரசியல் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். காலையில் செயலாளரை மறுபடி கூப்பிட்டு, போடுங்கள் என்றது மனப்பூர்வமாகச் சொன்னதுதானா என்று விசாரித்தார். மதியம், அமைச்சருக்கும் அதே அபிப்பிராயம்தானா என்று விசாரித்தார். செயலாளருக்குத் தூக்கம் கலைந்தது.

"ஆமா, இத்தனை தடவை கேக்குறீங்களே, அப்படி என்னதான் சார் இருக்கு அதுல? கொஞ்சம் அனுப்பி வைங்க பாப்போம்."

அனுப்பினார். அன்று சாயங்காலமே பதில் வந்தது: போட வேண்டாம். ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தேர்வில் முதலாவதாக வந்த பையன் தோற்றான். மேலிடத்துக்கு இதில் விருப்பமில்லை என்று அப்போதே சொன்னேனே என வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை" என்றாள் மனைவி. "நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்க."

அந்தப் பெண் கட்டுரையை வாங்கிக்கொண்டு போனாள். வண்ணத்துப்பூச்சித் தோழரே அவளோடு நடந்து, குழந்தை மருத்துவர்கள் நடத்தும் ஒரு சின்னப் பத்திரிகையில் சேர்த்தார். அதன் ஆசிரியையும் கட்டுரையைத் துறை தெரிந்தவர்களுக்கு அனுப்பிக் கேட்டார். அதைத் தாண்டி யாரையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஈயம் ஈயமாகவே அச்சேறியது. மேற்குப் பாதித் தாய்மார்கள் பத்திரிகையும் கையுமாகப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். தோண்டியவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். கிழக்கிலும் குழாய்களைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வானம் இடிந்து விழுந்ததா? அமைச்சர் புகைப்படக்காரர்கள் முன்னால் நின்று, இந்தக் குழாய்கள்மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் என்றார்.

செய்தியைப் படித்த நம் ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, முந்திரிக்கொட்டை மாதிரி நாம் முந்தியிருந்தால் அமைச்சரின் சந்தேகத்தை அல்லவா நாம் திருடியதாகியிருக்கும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் இதை அலுவலகத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பலாம் என்று கை போய், எதற்கு வம்பு என்று பாதியில் நின்றதே, அந்தக் கையைப் பிடித்தது யார்?