மேற்படி கிளெமென்ட்டுக்கு மேற்படி நோய் இல்லை

உயிரோடு இருப்பவன் உயிரோடுதான் இருக்கிறான் என்பதற்கு வருடம் ஒருமுறை சான்று கொடுக்க வேண்டிய நாடு இது. ஆண் வாரிசு இல்லை என்பதற்குச் சான்று உண்டு. வேலை இல்லை என்பதற்கும் உண்டு. ஒருவனுக்கு நோய் இல்லை என்பதற்கு மட்டும் வருவாய்த் துறையில் சான்று இல்லாமல் இருந்தது. இந்தப் பெருங்குறையைத் தீர்த்துவைத்த பெருமை எங்கள் குருசடித் தெருவைச் சேரும். திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது தெரு. எந்தத் தாலுகா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே என் வீட்டுப் பட்டா வேறொருவர் பேரில் இருக்கும்.

தெருவில் பதினாலாம் நம்பர் வீடு கிளெமென்ட்டுடையது. முப்பத்திரண்டு வயது, நூற்பாலையில் பிட்டர். ஒரு நட்டை முறுக்கினால் மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற ஆள். வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரை போவான், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான், அதற்குள் மில் பஸ் போயிருக்கும். அப்புறம் சைக்கிள்தான்.

இவன் ஜனவரியில் புது மெஷின் பழகுவதற்காகக் கோயம்புத்தூருக்குப் பத்து நாள் போனான். வேறொரு மில்லிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண்ணோடு பழக்கம் ஆயிற்று. இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள், வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம். ஒரு நாள் பழக்கம் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. கிளெமென்ட் உறை போட்டிருந்தான். கிழியவில்லை, நழுவவில்லை. போடுவதற்கு முன்னால் செல்போன் லைட்டை அடித்துக் காலாவதித் தேதியைப் படித்தான். படித்ததைச் சரிபார்க்க மறுபடியும் படித்தான். அந்தப் பெண் அதுவரை கிளம்பிப் போகாமல் இருந்ததே அவர் பெருந்தன்மை. பயிற்சி முடிந்தது. அவரவர் ஊருக்கு அவரவர் வந்தார்கள்.

வந்த மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. தொண்டை கரகரத்தால் என்ன நோய் என்று செல்போனிடம் கேட்டான். செல்போன் பதினேழு நோய் சொல்லி, எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இப்படித்தான் என்றது. பத்து வருஷம் பஞ்சுத் தூசியில் நிற்பவனுக்குத் தொண்டை கரகரக்காவிட்டால்தான் நோய் என்று அதற்கு யார் சொல்வது? கை மேல் ஒரு கொசுக்கடி. மில்லிலிருந்து வெர்னியரைக் கொண்டுவந்து அளந்தான். காலையில் நாலு மில்லிமீட்டர், சாயங்காலம் மூன்று. வெளியே குறைகிறது என்றால் உள்ளே போகிறது என்று முடிவு கட்டினான். சோறு இறங்கவில்லை. பதினோரு கிலோ இளைத்தான். அவன் மில் வாசலுக்கு வந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார்கள், அப்புறம்தான் கதவைத் திறப்பார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறைக்குப் போனான். அங்கே ஆலோசகர் கமர்ஜஹான் அக்கா.

“உறை போட்டிருந்தீங்களா தம்பி?”

“போட்டிருந்தேன்க்கா.”

“கிழிஞ்சுச்சா?”

“இல்லக்கா. அப்புறம் தண்ணி ஊத்தி லீக் டெஸ்ட் பண்ணேன்.”

“எங்கயாச்சும் புண்ணு, எரிச்சல்?”

“கொசுக்கடி இருக்கு. நேத்து மூணு மில்லிமீட்டர்.”

“அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. உறை போட்டதால பயம் ரொம்ப ரொம்பக் கம்மி. மிச்சம் இருக்கிற சந்தேகத்துக்குத்தான் டெஸ்ட். இப்ப ஒரு தரம், மூணு மாசம் முடிஞ்சு ஒரு தரம். காசு கிடையாது, பேரு வெளிய போகாது.”

இரண்டு தரமும் எடுத்தான். இரண்டு தரமும் ஒன்றும் இல்லை. “நல்லாச் சாப்பிடுங்க, ஊதுனாப் பறந்துருவீங்க போல” என்று சொல்லி அனுப்பிவைத்தார். விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை கதை இத்தோடு முடிந்துவிட்டது. வருவாய்த் துறை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

இதற்கிடையில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அதே தெருவில் கோடி வீடு. ஐரின், ஸ்கூலில் கணக்கு டீச்சர். மே மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் முதல் ஓலை. அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பார். கிளெமென்ட்டுக்கு மறைத்துக் கல்யாணம் பண்ண மனசு வரவில்லை. ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு போய் ஐரினிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கணக்கு நோட்டை மூடிவைத்தாள். பிறகு கேட்டாள்.

“நம்ம பேச்சு வர்றதுக்கு முந்தியா, பிந்தியா?”

“முந்தி.”

“உறை?”

“போட்டிருந்தேன்.”

“டெஸ்ட்டு?”

“ரெண்டு.”

“பெறகு எதுக்கு மூஞ்சிய எழவு வீடு மாதிரி வச்சிருக்கீங்க? காப்பி குடிங்க.”

காப்பி வருவதற்குள் பக்கத்து நாற்காலியில் விரிந்திருந்த செய்தித்தாள் கீழே இறங்கியது. பின்னால் ஐரினின் அப்பா ராயப்பராஜ். வருவாய்த் துறையில் முப்பத்தேழு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“மாப்ள, அந்தப் பேப்பரக் குடுங்க.” வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கோபுரச் சீல் எங்க?”

“ஆஸ்பத்திரி சீல் இருக்கு மாமா.”

“பச்சை மை கையெழுத்து?”

“ரத்தத்தை டெஸ்ட் பண்ணித்தான் குடுத்திருக்காங்க மாமா.”

“ரத்தம் ஆயிரம் சொல்லும். தாசில்தார் சொல்லணும். அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் மேற்படி நபருக்கு மேற்படி நோய் இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. வரலைன்னா ஓலை கிடையாது.”

“அப்பா!” என்றாள் ஐரின்.

“நீ உள்ள போம்மா.”

வாசல் வரை வந்து ஐரின் மெல்லச் சொன்னாள்: “அவரப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? எங்க தாத்தா செத்தப்ப, இறப்புச் சான்று கைக்கு வர்ற வரைக்கும் அவரு அழவே இல்ல.”

ஓலைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. கிளெமென்ட் இ-சேவை மையத்துக்கு ஓடினான். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் ரூபி பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

“ஆண் வாரிசு இல்லைன்னு இருக்குண்ணே. மறுமணம் இல்லைன்னு இருக்கு. நோய் இல்லைன்னு இல்ல. கடைசியில ‘இதர இல்லைகள்’னு ஒண்ணு இருக்கு, போட்டுரவா?”

போட்டாள். விவரம் கேட்டுக் கேட்டு அவளே கட்டம் போட்டு நிரப்பினாள். ஏழாவது கட்டம்: ‘உறை பயன்படுத்தியதுண்டா?’ கிளெமென்ட் ‘ஆம்’ என்றான்.

மனு கிராம நிர்வாக அலுவலர் மோகன்குமாரிடம் போயிற்று. சின்ன வயசு, நேர்மையானவர். அதுதான் வினை. மேலே ‘மிக மிக ரகசியம்’ என்று சிவப்பு மையில் எழுதி, ஆட்சேபணை உள்ளோர் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்குமாறு ரேஷன் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். ரகசியம் கருதி மனுதாரர் பெயர் அதில் இல்லை. குருசடித் தெரு, கதவு எண் 14, நூற்பாலை பிட்டர் என்பது மட்டுமே இருந்தது.

பிறகு ஸ்தல விசாரணை. அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் கையெழுத்து வேண்டும். முதல் ஆளாகப் பதினைந்தாம் நம்பர் பழனியம்மாள், வாசலில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“பக்கத்து வீட்டு கிளெமென்ட்டுக்கு நோய் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“என்ன நோயி சார்?”

“அது ரகசியம்மா.”

“என்ன நோயின்னு தெரியாம அது இல்லைன்னு நான் எப்பிடிப் போடுவேன்?”

இதில் நியாயம் இருந்ததால் மோகன்குமார் குனிந்து காதில் சொன்னார். பழனியம்மாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

“ஏன் சார், அந்த நோயி இந்தப் பிள்ளைக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும்னு போட்டா, உனக்கு எப்பிடிடீ தெரியும்னு என் வீட்டுக்காரரு கேப்பாருல்ல?”

மோகன்குமார் அதை அப்படியே குறிப்பாக எழுதி வருவாய் ஆய்வாளருக்கு அனுப்பினார். நாலாம் நாள் ஆய்வாளரிடமிருந்து தெளிவுரை வந்தது: ‘சாட்சி கேட்ட கேள்வி பரிசீலிக்கத்தக்கது. நோயற்றவரே மற்றவரின் நோயின்மைக்குச் சாட்சி சொல்ல இயலும். ஆகவே சாட்சிகள் முதற்கண் தத்தமக்கு மேற்படி சான்று பெற்றிருத்தல் வேண்டும்.’

ஆளுக்கு ஐந்து சாட்சி, சாட்சிக்கு ஐந்து சாட்சி. ஐரின் ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்து, நாலாவது சுற்றில் தெரு தீர்ந்துபோகும், எட்டாவது சுற்றில் தாலுகா தீர்ந்துபோகும் என்றாள். நல்லவேளை, மோகன்குமார் ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு நீ போடு, உனக்கு நான் போடுகிறேன். தெருவே மனுப் போட வரிசையில் நின்றது. ரூபி புதிதாக எதற்கு டைப் அடிக்க வேண்டும் என்று கிளெமென்ட்டின் மனுவையே மாதிரியாக வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் அதே கட்டங்கள், பேர் மட்டும் வேறு.

ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் எங்கள் தெருவின் ஒழுக்கம் தெரிந்தது. “உறையா? சீச்சீ! நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்ல” என்று ஆளுக்கு ஆள் கோபித்துக்கொண்டு ‘இல்லை’ போடச் சொன்னார்கள். எனக்கு எழுபத்துநாலு வயது. ‘ஞாபகம் இல்லை’ என்று சொன்னேன். அப்படி ஒரு பதில் கம்ப்யூட்டரில் இல்லை என்று ரூபி எனக்கும் ‘இல்லை’யை அழுத்திவிட்டாள்.

முதல் சான்றுகள் வந்ததுதான் தாமதம், அது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் லேமினேட் பண்ணி மாட்டினார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஆட்டோ ஓட்டும் ரொனால்டுக்கு அவன் கூட்டாளிகள் ‘நோயில்லா நாயகனே, தெருவின் காவலனே’ என்று முச்சந்தியில் பிளெக்ஸ் வைத்தார்கள், அவன் கூலிங் கிளாஸோடு கும்பிடுகிற மாதிரி. சான்று வராத வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஓலைக்கு ஐந்து நாள் இருக்கையில் பச்சை மையில் மொத்த உத்தரவும் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். இருநூற்றுப் பதினொன்று ஏற்கப்பட்டன. ஒன்று நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் எழுதியிருந்தது:

‘கட்டம் ஏழில் மற்ற அனைவரும் இல்லை என்று கூறியிருக்க, மனுதாரர் கிளெமென்ட் மட்டும் ஆம் என்று கூறியுள்ளார். ஆபத்து இல்லாத இடத்தில் ஒருவர் பாதுகாப்புத் தேட வேண்டிய அவசியம் எழவில்லை. மேலும் இவர் இருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டது சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. மேல்விசாரணை தேவை.’

கிளெமென்ட் அந்தத் தாளை மூன்று தரம் படித்தான். பிறகு ஐரினிடம் கொடுத்தான்.

“நாந்தான் தப்பா? அந்தக் கட்டத்துல பொய் சொல்லியிருக்கணுமா?”

“பொய் சொல்லியிருந்தீங்கன்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றாள் ஐரின்.

ராயப்பராஜ் தன் சான்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உத்தரவு தெளிவா இருக்கு. நான் என்னம்மா பண்ண முடியும்?”

அந்த நேரத்தில்தான் இன்னொரு செய்தி வந்தது. ஒரே தெருவில் இருநூற்றுப் பதினோரு பேர் நோயற்றவர்கள் என்ற புள்ளிவிவரம் மேலிடத்துக்குப் போய், குருசடித் தெருவை மாதிரித் தெருவாக அறிவித்துக் கேடயம் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சம்பிரதாயம். சனிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வரும், கமர்ஜஹான் அக்கா வருவார், சான்று பெற்ற எல்லாருக்கும் இலவசமாக ரத்தம் எடுப்பார்கள்.

தெருவில் அன்று மத்தியானம் யாரும் வெஞ்சனத்துக்கு உப்புச் சரியாகப் போடவில்லை.

“அப்பா, வண்டி வருது. முதல் ஆளா நீங்க கைய நீட்டுங்க. ரிட்டயர்டு அதிகாரி, முன்மாதிரியா இருக்கணும்ல” என்றாள் ஐரின்.

“எனக்கெதுக்கும்மா? எனக்குத்தான் தெருவே கையெழுத்துப் போட்டிருக்கே!”

“தெருவுக்கு எப்பிடித் தெரியும்?”

ராயப்பராஜ் செய்தித்தாளைத் தேடினார். அவள் அதை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்திருந்தாள்.

“இந்தத் தெருவுல ரத்தம் குடுத்துப் பார்த்த ஆம்பள ஒருத்தருதான் இருக்காரு, அவரத்தான் நான் கட்டிக்குவேன். இப்ப சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஓலையா, சனிக்கிழமை ஊசியா?”

முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ராயப்பராஜ் ஒரு கோப்பை இவ்வளவு வேகமாக முடித்ததில்லை. உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் கமர்ஜஹான் அக்கா வண்டியோடு வந்து இறங்கினார். அறுபத்து மூன்று வீட்டில் அறுபத்தொன்று பூட்டிக் கிடந்தது. தெருவிலிருந்த இந்துக்கள் எல்லாரும் பழனிக்குப் போயிருந்தார்கள். கிறிஸ்தவர்களும் பழனிக்குத்தான் போயிருந்தார்கள். ஐரின் மட்டும் வந்து, “அவரு எனக்குக் காட்டுனாரு, நானும் அவருக்குக் காட்டணும்ல” என்று கையை நீட்டினாளாம். கிளெமென்ட்டும் மூன்றாவது தரம் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். அக்கா விரட்டிவிட்டாராம்.

நானும் பழனி பஸ்ஸில்தான் இருந்தேன். பக்கத்து சீட்டில் ராயப்பராஜ்.

“பழனியில என்ன சோலி?” என்று கேட்டேன்.

“பஞ்சாமிர்தம் வாங்கலாம்னு. உங்களுக்கு?”

“எனக்கும் பஞ்சாமிர்தம்தான்.”

பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியது. ராயப்பராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தொடையைச் சொறிந்தார். கொசுவாகத்தான் இருக்கும். பச்சை மையில் கையெழுத்துப் போட்ட சான்று அவர் சட்டைப் பையிலிருந்து லேமினேஷனோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன்.

அதனால் என்ன, நான் எழுந்து பழனி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.