கருப்பட்டியோடு ஏறிய மாப்பிள்ளை

தெனாவட்டு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் நான்தான்.

யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. (அதுவும் புகைதான் தெரியும்.) கருப்பட்டி மண்டி அண்ணாச்சி தம் மகள் ராசக்கனியை எனக்குத் தரலாமா என்று பேச வந்தபோது, வாய் சும்மா கிடந்ததா? கப்பலேறுவது நமக்கு மாடிப்படி ஏறுகிற மாதிரி மாமா என்றேன். கோயிலில் ராசக்கனியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காக இன்னும் என்னென்னவோ அளந்துவிட்டிருப்பேன்.

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். கொழும்புக்குப் போகும் தம் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டு வர, மறுநாளே என்னையும் தம்மோடு தோணியில் கூட்டிப்போனார். அப்போதெல்லாம் பெரிய கப்பல் எங்கள் கரைக்கு வராது, ஆழமில்லை. கடலுக்குள் தள்ளி நிற்கும். தோணியில் போய், பக்கவாட்டில் தொங்கும் நூலேணியைப் பிடித்து ஏற வேண்டும்.

அண்ணாச்சி முதலில் ஏறி, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டும் பூட்சுமாக நான் எழுந்தேன். தோணியை நடத்தும் தண்டல் சொன்னார்: "தம்பி, அலை தோணியைத் தூக்குத வரைக்கும் பொறுங்க. உச்சிக்குப் போனதும் ஏணியைப் பிடிங்க."

"யாருக்கு வே சொல்லுதீரு?" என்று கேட்டுவிட்டு, தோணி பள்ளத்தில் கிடந்தபோதே தாவினேன். உதைத்த உதையில் தோணி விலகியது. அடுத்த அலை என்னை இடுப்பு வரை முக்கி, ஒரு பூட்சைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியவன்தான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முருகா, அம்மா, அண்ணாச்சி என்று எல்லாரையும் கூப்பிட்டேன். மானம் மட்டும் விறுவிறுவென்று கப்பலேறிவிட்டது.

கடைசியில் ஆட்கள் என்னைப் பிய்த்தெடுத்து, கருப்பட்டிச் சிப்பங்களைத் தூக்கும் கயிற்று வலைக்குள் உட்கார வைத்தார்கள். சிப்பங்களுக்கு நடுவே, ஒற்றைப் பூட்சோடு, அந்தரத்தில் சுற்றிச் சுற்றி, அண்ணாச்சியின் காலடியில் போய் இறங்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. கரைக்குத் திரும்பும்போது மெதுவாகச் சொன்னார்: "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கையைக் குடுத்துத் தூக்கியிருப்பேனே தம்பி. இம்புட்டுத் தெனாவட்டு உள்ள ஆள்ட்ட எம் மக எப்படிப் பொழைப்பா?"

அந்த வருஷமே ராசக்கனியைப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கப்பலையே பார்த்ததில்லையாம். கேட்டால் அப்படியே சொல்லியும் விடுவானாம். பாவி.

இன்றைக்கும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "தாத்தாவுக்கு வலையைப் போடுங்க" என்பான் பேரன். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். கதையை வலையோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் என் மனைவி இருப்பாள். அவளும் சிரிப்பாள், என் முகத்தைப் பார்க்காமல்.