வைப்பர் லைனில் வைத்த மொய்

மாமல்லபுரம் பக்கம் மீனவர் குப்பத்திலிருந்து தணிகைவேல், திருக்கழுக்குன்றம் மலையடிவாரம் தேங்காய்க் கடை முதலாளியும், கடவுள் மனசு வைத்தால் எனக்குச் சம்பந்தியும் ஆகப்போகிறவருமான உயர்திரு சடையப்பன் அவர்களுக்கு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வீட்டுக்காரி தனக்கோடியும் மகள் சங்கவியும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் சம்சாரமும் மாப்பிள்ளை கார்த்தியும் கடையில் அடுக்கியிருக்கும் தேங்காய்கள் உட்பட அனைவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் கிளாஸ் படிச்ச கையால நானே உக்காந்து எழுதறேன், யாரையும் துணைக்குக் கூப்பிடலை. எழுத்து கோணலா இருந்தாலும் மனசு நேராத்தான் இருக்குது.

மொதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிடறேன். ரெண்டு மாசம் முன்னாடி எங்க கம்பெனியில குடும்ப நாள்னு உங்களை மறைமலைநகருக்குக் கூட்டிக்கினு போனப்போ, பஸ்ஸு ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் "லைன்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு, வெள்ளைக்காரம்மா என்னைக் கேக்காம ஒரு ஸ்க்ரூ முடுக்க மாட்டாங்க"ன்னு அளந்துகினு வந்தேன் பாருங்க, அது பொய். நான்தான் கடைசி. நீங்களும் உள்ள வந்ததும் வராததுமா நேரா அந்த டிவி போர்டு எதிர்லயே போய் நின்னீங்க. பதினாலு பேருல பதினாலாவது பேரு தணிகைவேல், செவப்புக் கலர்ல, பக்கத்துல அழுவுற மூஞ்சி ஒண்ணு. அந்த மூஞ்சியைப் பாத்தீங்க, என் மூஞ்சியைப் பாத்தீங்க, மறுபடியும் அந்த மூஞ்சியைப் பாத்தீங்க. கையில குடுத்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வந்தது கூடத் தெரியாம "பாத்துச் சொல்றேன்"னு கெளம்பினவருதான். போன் பண்ணா எடுக்கறதில்லை. வாட்சப்புல நீல டிக்கு மட்டும் விழுது. தெனம் காலைல ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸு உங்க கடையைத் தாண்டும்போது நான் கையைக் காட்டறேன், நீங்க தேங்காயைத் தட்டிப் பாக்கறாப்பல அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க. ஒரே தேங்காயை எத்தினி வாட்டி சம்பந்தி தட்டுவீங்க. சோம்பேறி வூட்டுல பொண்ணு எடுக்கறதான்னு நீங்க யோசிக்கறது எனக்குப் புரியுது. சங்கவி ஒண்ணும் பேச மாட்டேங்குது, ஆனா ரெண்டு மாசமா சாம்பார்ல உப்பு இல்லை. அதனால அந்தச் செவப்பு எப்படி வந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லிடறேன்.

எங்க கம்பெனி காருக்கு வைப்பர் பண்ற கம்பெனி, ஹாலந்து நாட்டுக்காரங்களுது. ரப்பரை மாட்டி, இழுத்துப் பாத்து, கவர்ல போட்டு அவங்கவங்க ட்ரேயில அடுக்கணும். ட்ரேயில நம்பர் ஒட்டியிருக்கும், அதை வெச்சுத்தான் கணக்கு. முன்னல்லாம் ஊக்கப் பணம் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் குடுத்தாங்க. இந்த வருசம் பொங்கலுக்கு அப்புறம் அந்த ஊர்லேர்ந்து புது மேனேஜரம்மா வந்தாங்க. அன்னெகேன்னு பேரு, எங்க வாயில அன்னக்கா ஆயிட்டாங்க. தங்கமான மனுசி, கேன்டீன்ல எங்களோடயே உக்காந்து கருவாட்டுக் குழம்பு சாப்ட்டு கண்ணுல தண்ணி வுடுவாங்க. அவங்கதான் டிவியை மாட்டி, அவங்கவங்க வேகத்துக்குத் தக்கன அவங்கவங்களுக்குப் பணம்னு சொன்னாங்க. அவங்க ஊர்ல அப்படித்தானாம், போலந்துல வெச்சாங்களாம், அமோகமா ஓடிச்சாம்.

எங்களுக்கு அது தொண்டையில மாட்டிக்கிச்சு. கடல்ல வலை இழுத்தா எந்தக் கை இழுத்ததுல மீன் விழுந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மீதி ஆளுக்குச் சமம். (எனக்குக் கடல்ல போனா வாந்தி வரும், அதனாலதான் கரைக்கு வந்தேன். இதையும் இப்பவே சொல்லிடறேன், கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா மறைச்சிட்டேன்னு சொல்லுவீங்க.) மொத மாசம் சந்திரம்மா ஃபர்ஸ்ட்டு வந்தா. அவ கை மெஷினை விட வேகம், நான் ஒண்ணு மாட்டறதுக்குள்ள ரெண்டு மாட்டிட்டு என்னை ஒரு திட்டும் திட்டிடுவா. கடைசியா வந்தவரு ராமதாஸ், மணிக்கட்டு வீங்கிப்போய் கட்டு போட்டிருந்தாரு. அன்னிக்கு பஸ்ஸுல என் வாய் சும்மா இருக்குமா, "இன்னா மகாராணி, பக்கத்துல உக்காரலாமா, இல்ல அதுக்கும் டிக்கெட்டு எடுக்கணுமா?"ன்னு கேட்டேன். அவ சிரிக்கலை. "சும்மா இரு தணிகை. அந்த ஆளு கை வீங்கிக் கீது, அவரு பேருக்குப் பக்கத்துல அழுவுற மூஞ்சி போட்டு எனக்குப் பணம் குடுக்கறாங்க. இத்த எங்க வெச்சுத் தின்றது"ன்னா.

அடுத்த மாசம் ஜெபக்குமார் புள்ளைக்கு ஞானஸ்நானம். பிரியாணி போடணும், கையில டப்பு இல்லைன்னு பொலம்பிக்கினு இருந்தான். சாயங்காலம் சந்திரம்மா முழுசா ஒரு ட்ரே வைப்பரைத் தூக்கி அவன் ட்ரேயில கவுத்துட்டா. "இன்னாக்கா இது?"ன்னு கேட்டான். "மொய்"னுட்டுப் போயிட்டா.

அவ்ளோதான் சம்பந்தி, லைனே புடிச்சிக்கிச்சு. ஒருத்தர் மொய் வெச்சா இன்னொருத்தர் சும்மா இருக்க முடியுமா, நாம என்ன மொய் வெக்காத ஜாதியா. ஜெபக்குமாரு அந்த மாசம் ஃபர்ஸ்ட்டு. அதுக்கு அடுத்த மாசம் ஒருத்தர் பொண்ணுக்குக் காது குத்து, அவரு ஃபர்ஸ்ட்டு. அப்புறம் ஒரு வளைகாப்பு. நீங்க வந்த மாசம் ராமதாஸ் வூட்டுல கிரகப்பிரவேசம், நான் பண்ணினதுல முக்காவாசியை அவரு ட்ரேயில போட்டுட்டேன். ஏற்கெனவே நமக்குக் கை மெதுவு, அதுலயும் முக்காவாசி போனா மீதி இன்னா இருக்கும், அழுவுற மூஞ்சிதான். நீங்க பாத்த செவப்பு சோம்பேறித்தனம் இல்லை, கிரகப்பிரவேசம்.

அன்னக்காவுக்குத் தலை சுத்திடுச்சு. கோடு கோடா வரைஞ்ச தாளை எடுத்துக்கினு ஆபீசுல வேலை பாக்கற கவியா பொண்ணை மொழிபெயர்க்கக் கூட்டிக்கினு லைனுக்கே வந்துட்டாங்க. "மார்ச்சு மாசம் நீங்க ஃபர்ஸ்ட்டு, ஏப்ரல்ல பதிமூணாவது. மார்ச்சுல என்ன நடந்துச்சு?"ன்னு ஜெபக்குமாரைக் கேட்டாங்க. "ஞானஸ்நானம் மேடம்." ராமதாஸைக் கேட்டாங்க. "வூடு குடி போனோம் மேடம்." வளைகாப்புக்காரி வெக்கப்பட்டுக்கினு வயித்தைக் காட்டினா. எல்லாத்தையும் எழுதிக்கினு போய் ரெண்டு நாள் யோசிச்சாங்க. மூணாம் நாள் நோட்டீஸ் போர்டுல சுத்தறிக்கை. இந்தியாவுல வூட்டுல விசேசம் வந்தா ஆளுக்கு ரெண்டு மடங்கு வேகம் வருதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்களாம். அதனால எல்லாரும் நெறைய விசேசம் வெக்கணுமாம், ரெண்டு நாள் லீவும் ஒரு குத்துவிளக்கும் கம்பெனி குடுக்குமாம். அதை அவங்க ஊருக்கும் எழுதிப் போட்டுட்டாங்க. ஹாலந்துல உடனே ஒருத்தருக்குப் பொறந்த நாள் கொண்டாடிப் பாத்தாங்க. அன்னிக்கு அங்க வேலை பாதியா கொறைஞ்சிடுச்சு, எல்லாரும் கேக்கு தின்னுக்கினு இருந்தாங்களாம்.

இதுக்கு நடுவுலதான் நீங்க ஐஸ்கிரீமோட போன சமாச்சாரம் லைனுக்குத் தெரிஞ்சுது. சந்திரம்மா என் ட்ரேயைப் பாத்தா, அழுவுற மூஞ்சியைப் பாத்தா. "இந்த மாசம் சங்கவி நிச்சயதார்த்த மாசம்"னு அவளே தேதி வெச்சிட்டா. வேணாம்னு சொன்னேன், எவன் கேட்டான். மாசக் கடைசியில போர்டுல நான் ஒருத்தன் பச்சை, மீதி பதிமூணு பேரும் செவப்பு. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு வைப்பர் பண்ணியிருக்கேனாம். நல்லா வேலை செய்யற ஆளே நானூறுதான் பண்ண முடியும். அந்தக் கம்பெனிக்கு எத்தினி நாட்டுல கிளை இருக்குதோ அத்தினி நாட்டுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு. அப்பவாவது உங்களைக் கூட்டிக்கினு போய் போர்டைக் காட்டலாம்னா, அதுக்குள்ள ஹாலந்துலேர்ந்து ரெண்டு இஞ்சினீயருங்க ஏரோப்ளேன் ஏறி வந்துட்டாங்க, என் கையைப் படம் புடிச்சு எல்லா ஊருக்கும் பாடம் நடத்தணும்னு.

என்னைத் தனியா ஒரு மேஜையில உக்கார வெச்சாங்க. மேல ஒரு கேமரா, பக்கத்துல ஒரு கேமரா. ஒருத்தரு என் கட்டைவெரலை ஸ்கேல் வெச்சு அளந்தாரு. எங்கம்மா பெத்த நாள்லேர்ந்து இந்தக் கைக்கு இவ்ளோ மரியாதை கெடைச்சதில்லை. ஆரம்பிங்கன்னாங்க. நாலாவது வைப்பர்ல ரப்பர் எகிறி இஞ்சினீயர் கண்ணாடியில பட்டுச்சு. ஒரு மணி நேரத்துல முப்பத்தொண்ணு பண்ணினேன், அதுல ரெண்டு தலைகீழ். அன்னக்கா என் எதிர்ல வந்து குனிஞ்சு மெதுவா ஏதோ கேட்டாங்க. "மத்தது எங்க தணிகைவேல்னு கேக்கறாங்க அண்ணாத்த"ன்னா கவியா. வேலை போனா போவட்டும், வந்த மனுசிகிட்ட பொய் சொல்ல வாய் வரலை. உங்ககிட்ட பஸ்ஸுல சொன்ன பொய்யே இன்னும் சீரணமாவலை. "மொய் மேடம்"னுட்டேன்.

கவியா அதை இங்கிலீசுல சொல்லத் தவிச்சா பாருங்க. "அது அன்பளிப்பு மேடம். ஆனா திருப்பிக் குடுக்கணும். அதனால கடன். ஆனா கேக்கக் கூடாது. வட்டி கெடையாது, ஆனா கொஞ்சம் கூடக் குடுத்தாதான் மரியாதை." இஞ்சினீயருங்க கேமராவை நிறுத்திட்டாங்க. அன்னக்கா அந்தக் கோடு போட்ட தாள்ல ஒவ்வொரு பேரா வெரலை வெச்சுக்கினு வந்து சந்திரம்மா பேருல நிறுத்தினாங்க. இன்னிக்கு பதினாலு பேருக்கும் சீட்டு கிழிஞ்சுதுன்னு நெனைச்சேன். அவங்க தலையைத் தூக்கி, "அப்ப சந்திரம்மாவுக்கு எப்ப வெச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எங்க வெச்சோம் சம்பந்தி. சந்திரம்மா புருசன் போய் ஒம்போது வருசம் ஆவுது, புள்ளை குட்டி இல்லை, இருக்கற வூடும் அண்ணனுது. அவ வூட்டுல இன்னா விசேசம் வரும். மொய்யை ஆரம்பிச்சவளுக்குத் திரும்ப வெக்க ஒரு நாளே இல்லைன்னு எங்க ஒருத்தருக்கும் தோணலை, ஹாலந்துலேர்ந்து வந்த மனுசிக்குத் தோணிச்சு. சந்திரம்மாவேதான் பேச்சை எடுத்தா. "இன்னாத்துக்கு எல்லாரும் என்னை இப்படிப் பாக்கறீங்க, நான் இன்னா செத்தா போயிட்டேன். சங்கவி கல்யாணத்துல மொத பந்தியில உக்காந்து மொத்தத்தையும் வசூல் பண்ணிக்கறேன். வடை மட்டும் நாலு வெக்கணும்." "அதுக்கு மொதல்ல தேங்காய்க்கடைக்காரரு ஒத்துக்கணுமே"ன்னாரு ராமதாஸ். எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. அன்னக்காவும் திரும்பினாங்க. இஞ்சினீயருங்களும், இன்னான்னு தெரியாமலே.

இப்ப சட்டம் மாறிடுச்சு. லைன் மொத்தத்துக்கும் ஒரே கணக்கு, ஆளுக்குச் சமமாப் பங்கு, எங்க படகு மாதிரியே. மாசத்துக்கு ஒருத்தர் பேருல கம்பெனி கொஞ்சம் கூட வெக்கும், அது விசேசக்காரருக்கு. அழுவுற மூஞ்சியை எடுத்துட்டாங்க. மொத பேரு சந்திரம்மாவுது. அவளுக்குப் பொறந்த தேதி தெரியாததால வேலைக்குச் சேந்த தேதியை விசேசம்னு வெச்சு, கேன்டீன்ல கேசரி கிண்டி, "மகாராணி வராங்க, வழி வுடுங்க"ன்னு நான் கூவினதுக்கு கரண்டியாலயே ஒண்ணு வெச்சா. அன்னக்காவும் மொய் வெக்கணும்னு ஏப்ரன் கட்டிக்கினு உக்காந்து ஒரு மணி நேரத்துல பதினொரு வைப்பர் பண்ணினாங்க. அதனால இப்ப நான் கடைசி இல்லை. பதினஞ்சு பேருல பதினாலாவது. உங்க சம்பந்திக்குக் கீழயும் ஒரு ஆளு இருக்குது, அதுவும் மேனேஜரு.

ஆவவே சம்பந்தி, என் கை மெதுவுன்னு ஒத்துக்கறேன், ஆனா அந்தக் கையி ஒரு நாளும் காலியா இருந்ததில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஜோசியரு குறிச்சுக் குடுத்த மூணு தேதியும் மஞ்சள் தடவின தனித்தாளா இந்தக் கவர்லயே வெச்சிருக்கேன், ஒண்ணு முடிவு பண்ணுங்க. போன் எடுக்க வெக்கமா இருந்தா எடுக்க வேணாம். சம்மதம்னா காலைல பஸ்ஸு வரும்போது ஒரு கையைத் தூக்குங்க, போதும். பதினாலு பேரும் உங்க கடைப் பக்கத்து ஜன்னல்லயே நெருக்கி உக்காந்துகினு வர்றோம், டிரைவரு அங்க மெதுவா ஓட்டறேன்னு சொல்லியிருக்காரு. தேங்காயை அப்புறமாத் தட்டிக்கலாம்.

தங்கள் சம்சாரத்துக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், சம்மதம் வர்ற வரைக்கும் பாதி, வந்ததும் மீதி.

இப்படிக்கு,
தங்கள் கையை ஜன்னல் வழியாத் தேடும்
தணிகைவேல்

பின்குறிப்பு: நானே எழுதினேன்னு மேல போட்டது சரியில்லை. நான் சொல்லச் சொல்ல, சாப்பாட்டு நேரத்துல சந்திரம்மா ஒரு பக்கம், ஜெபக்குமார் ஒரு பக்கம், ராமதாஸ் நல்ல கையால ஒரு பக்கம்னு ஆளுக்குக் கொஞ்சம் மொய்யா எழுதிக் குடுத்தாங்க. அப்படிக் கைக்குக் கை போனதுல ஜோசியர் தாள் யாரோ ஒருத்தரு ட்ரேயில விழுந்து, வைப்பரோட பெட்டியில போயி, பெட்டி கப்பல்ல போயிடுச்சு. கவர்ல தேடாதீங்க. ஜோசியரு காசிக்குப் போயிருக்காரு, போன் வெச்சிக்கறதில்லை. பெட்டி ஹாலந்து போய்ச் சேர முப்பத்தஞ்சு நாள் ஆவும், பிரிச்சதும் தேதியை அன்னக்காவுக்குச் சொல்லி அனுப்பறதா அங்க இருக்கறவங்க ஒத்துக்கினு இருக்காங்க. மூணுல ரெண்டு தேதி இந்த மாசத்துலன்னு மட்டும்தான் ஞாபகம், அது ரெண்டும் அதுக்குள்ள முடிஞ்சிடும். மீதி ஒண்ணுதான், முடிவு பண்ற வேலை உங்களுக்கு மிச்சம்.